பாட்டிலை யார் முதலில் விட்டது?

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்தது. வெளிநாட்டில் நடந்த ஜூனியர் சைக்கிள் பந்தயத்திலிருந்து அக்கா பதக்கம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டி அழுக்குத் துணியும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தாள். துணியை அம்மா துவைத்துவிட்டாள். பாட்டிலை யாரையும் தொடக்கூட விடவில்லை அக்கா.

ஐந்து நாள் பந்தயம். ஒவ்வொரு நாளும் முதலில் வருகிறவளின் நேரத்தை வைத்து ஒரு கெடு போடுவார்கள். அதற்குள் வந்து சேராதவள் மறுநாள் சைக்கிளைத் தொட முடியாது. மூன்றாம் நாள் கெடு முடிய நான்கு நொடி இருக்கும்போது அக்கா கோட்டைத் தாண்டியிருக்கிறாள். ஈர ஷூவுக்குள் திணித்திருந்த முடிவுத் தாளைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது.

"நாலே நொடியா! எப்படிக்கா?"

அவள் வாய் நிறையச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மென்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சரி, நீ சொல்லாவிட்டால் நானே எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டைப் பிரித்தேன்.

2

தொடக்கங்கள்:

"சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி..." வேண்டாம். அன்று நாள் முழுக்க மழை.

"வீராங்கனை காற்றைக் கிழித்துக்கொண்டு..." வேண்டாம். அவள் கடைசி. முன்னால் போன எண்பது பேர் ஏற்கெனவே கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

"அவள் ஒரு" [பால் பொங்கிவிட்டது. போய்விட்டு வந்தேன். அவள் ஒரு என்ன என்பது மறந்துபோயிற்று.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். அவளுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வந்தது. முடியாது என்று இறங்குகிறவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ளும் வேன். அதன் முன்னால் ஒரு துடைப்பத்தைக் கட்டியிருந்தார்கள். [சிரிப்புக்காக நான் சேர்த்தது அல்ல. அக்கா போனில் சொன்னது.]

"ஏறிக்கம்மா, ஹீட்டர் போட்டிருக்கேன்" என்றார் வேன்காரர். [அவர் எந்த மொழியில் சொன்னாரோ. என் கதையில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். வேறு மொழியில் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.]

"நீங்க போங்கண்ணே, நான் பின்னாடியே வரேன்" என்றாள் அவள்.

ஏற முடியாததற்குக் காரணம் இருந்தது. அணியில் போனது ஐந்து பேர். ஒருத்திக்குத் தோள் எலும்பு உடைந்தது, ஒருத்திக்குக் காய்ச்சல். மூன்று பேராவது மிச்சம் இருந்தால்தான் அணியைக் கணக்கில் சேர்ப்பார்கள். அந்த மூன்றாவது ஆள் இவள்.

3

அணியின் கார் பக்கத்தில் வந்தது. கோச் ஓட்டினார். பின் சீட்டில் இருந்த மெக்கானிக் அண்ணன் ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டினார். அப்படிக் கொடுக்கும்போது இரண்டு பேர் கையும் பாட்டிலில் இருக்கும். கார் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். ஒரு நொடி என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் அதற்குப் பெயர் ஏமாற்று.

"இந்தா, பிடி."

"தண்ணி இருக்குண்ணே."

"உனக்குத் தாகம்னு நான் சொல்றேன். பிடி."

"நடுவரு?"

"முன்னாடி போயிட்டாரு. மூக்கு சிந்திக்கிட்டு இருக்காரு."

"நான் எதையும் பாக்கல, ரோட்டைத்தான் பாக்கறேன்" என்றார் கோச், யாரும் கேட்காமலே.

அவள் பிடித்தாள்.

எவ்வளவு நேரம்? இங்கேதான் மூன்று நாளாக நிற்கிறேன்.

முடிவு அ: ஒரு நொடி. கதாநாயகி தங்கம். நீங்கள் நம்புவீர்களா? எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: பத்து நொடி. அப்படியானால் அந்த நான்கு நொடி காருடையது. அடுத்த வருடப் பந்தயத்துக்கு அக்காவுக்கு வந்த அழைப்புக் கடிதம் பதில் போடாமல் மூன்று வாரமாக மேசையில் கிடப்பதும் புரிந்துவிடுகிறது. அதை எழுதப் போய், "அக்கா ஒரு" என்ற இடத்தில் பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு இ: மழையில் பாட்டில் வழுக்கி விழுந்தது. [வீட்டு அலமாரியில் சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அடித்துவிட்டேன்.]

4

நோட்டு அகப்பட்டுவிட்டது.

சைக்கிள்காரி இருக்கிற வீட்டில் நோட்டை ஹெல்மெட் பெட்டிக்குள் ஒளித்தவளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டேன்.

ஓரமெல்லாம் அக்காவின் பென்சில். "ஹீட்டர் வேலை செய்யல." "மூக்கு சிந்தல, வாழைப்பழம் தின்னாரு." "'வீராங்கனை'ன்னு இன்னொரு தடவை எழுதின, உதைப்பேன்." என் நோட்டைக் கடைசியாக ஒருவர் திருத்தியது ஒன்பதாம் வகுப்பில். அதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

மூன்று முடிவுகளுக்குப் பக்கத்தில் மட்டும் எழுத்து இல்லை. ஏதோ எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அழித்த தடம்.

5

"எழுந்திருடி" என்று வாசற்படியில் நின்றாள், கையில் பாட்டிலோடு. "உக்காந்த இடத்துலேருந்து எழுதினா இப்படித்தான் இருக்கும். நீ சைக்கிள், நான் கார். பிடி."

பிடித்தேன். அவள் நடந்தாள். நான் இழுபட்டேன். கூடம், பாத்ரூம் கதவு, துணி உலர்த்தும் கொடி, திரும்பவும் கூடம்.

"போதும்க்கா, விடு."

"நீ விடு."

"கார்ல இருக்கறவங்கதானே விடணும்?"

அக்கா நின்றாள்.

"நானும் அன்னிக்கு அப்படித்தான்டி நெனச்சேன்."

"மெக்கானிக் அண்ணன்?"

"நான்தான் விடுவேன்னு அவரு நெனச்சிருக்காரு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "ரெண்டு கழுதையும் விளையாடினது போதும். அந்தப் பாட்டிலைக் கழுவியாவது வைங்கடி!"

மேசைக்கு வந்துவிட்டோம். இருவரும் இன்னும் விடவில்லை. இதை ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அக்கா தன் மறு கையால் பென்சிலை எடுத்துவிட்டாள். பென்சில் என் நோட்டின் ஓரத்துக்கு வருகிறதா, பக்கத்தில் கிடக்கும் அழைப்புக் கடிதத்துக்குப் போகிறதா, இன்னும் தெரியவில்லை.

பிடித்து எத்தனை நொடி ஆயிற்று என்பதும் தெரியவில்லை. எழுதுகிற மும்முரத்தில் நான் எண்ண மறந்துவிட்டேன்.

நீங்களாவது எண்ணினீர்களா?