முதல் பக்கம் மனப்பாடம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மனைவியின் முதல் நாவல் ஒரே வருடத்தில் பதினோராம் பதிப்பைத் தொட்டாலும் தொட்டது, கண்ணைக் காட்ட வருகிறவர்கள் எல்லாம் அவரையே ஏற இறங்கப் பார்த்தார்கள். நாவலில் வரும் புருஷன் ஒரு கல்லுளிமங்கன். போதாததற்குக் குறட்டை வேறு. அது நீங்கள்தானே என்று இளித்துக்கொண்டு கேட்டார்கள். பக்கத்துக் கடை பல் டாக்டர், கேட்காமலே, குறட்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். மைத்துனனோ, என் அக்காவை என்ன பாடு படுத்தியிருக்கிறீர்கள் என்று கண் கலங்கினான். மானம் கப்பலேறிப் போய்விட்டது.

அன்று மாலை அவளுக்குப் பாராட்டுக் கூட்டம். அந்தப் புருஷன் நான் இல்லையென்று மேடையில் நீ நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும் என்று காலையிலேயே பிடிவாதமாக நின்றார். அவள் தலை சீவுவதை நிறுத்தவில்லை.

"படிச்சுட்டு, எதெல்லாம் நீங்க இல்லைன்னு எழுதி வைங்க. அப்படியே சொல்லிடறேன்."

அங்கேதான் வந்தது வம்பு. அவர் படித்திருந்தால்தானே! அவள் ஆசையாகக் கொடுத்த பிரதி கடை மேஜையில்தான் கிடந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம், எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அதைத்தான் நீட்டுவார். அவர்கள் வாசித்து வாசித்து முதல் பக்கம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் கை பட்டுக் கறுத்திருந்தது. மற்ற முந்நூறு பக்கங்களும் வந்த மேனிக்குப் புதுசாக இருந்தன.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கறுவிக்கொண்டே புத்தகத்தோடு உட்கார்ந்தார். ஒரு தாளில் 'குறட்டை' என்று முதலில் எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. ஆறாம் அத்தியாயத்தில், மனைவி தான் எழுதியதைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். புருஷன் ஒரு தாளைக்கூடப் புரட்டாமல் "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுக்கிறான். அச்சு அசல் அவரேதான். பத்து வருடங்களாக அவர் சொல்லி வந்த ஒரே அபிப்பிராயம் அது. அட கஷ்டகாலமே என்று வாய்விட்டே சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டம் தொடங்குமுன் அவள் போன் செய்து, என்னென்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள்.

"நூத்தி எண்பதாம் பக்கத்துல இருக்கேன்," என்றார். "குறட்டை நான் விடறதில்லை. அதை மட்டும் சொல்லிடு."

எத்தனையாம் பக்கம் என்று அவள் இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள்.

"குறட்டையும் விடுவீங்க. மீதியைப் படிங்க."