மழையில்லாத வெள்ளம்

அந்த மாதம் போர்ட் கிள்ளானில் ஒரு பொட்டு மழை இல்லை. அப்படியும் விடியக்காலையில் மாரியாயி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பௌர்ணமிக் கடல்பெருக்கு மண்கரையை உடைத்துக்கொண்டு கம்பத்துக் குடியிருப்புக்குள் புகுந்திருந்தது. வடிந்த பிறகு அடுப்படியில் நண்டு ஊர்ந்தது. சாயங்காலப் பெருக்கு இதைவிடப் பெரிது. அதற்குள் உடைப்பை அடைக்காவிட்டால் பலகை வீடு நிற்காது.

அந்த நேரம் பார்த்து வட்டாரத் தலைவர் இராமலிங்கம் லோரி நிறைய அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார். கூடவே பத்திரிகைக்குப் படம் பிடிக்க ஒரு ஆள். லோரியில் கட்டிய துணியில் 'மழை வெள்ள நிவாரணம்' என்று கொட்டை எழுத்து.

"எந்த மழைங்க தலைவரே?" என்றாள் மாரியாயி. மீன் கொட்டகையில் குடல் எடுக்கிற வேலை அவளுக்கு; பேச்சிலும் அதே பழக்கம்.

அவர் சாக்கடை அடைப்பு என்றார், கம்பத்து ஜனம் கொட்டுகிற குப்பை என்றார். அவள் விடவில்லை. கரையோரச் சேற்றில் நின்று அலையைத் தாங்கிய பாக்காவ் மரங்களை வெட்டிக் கொண்டெய்னர் யார்டு போட்டது கம்பத்து ஜனமா என்று கேட்டாள். கடல் வருசா வருசம் ஏறுகிறது, கரை அமுங்கிக்கொண்டே போகிறது. மழை என்று பேர் வைத்துவிட்டால் கரையை உயர்த்தவேண்டியதில்லை, பழி வானத்தோடு போய்விடும் என்றாள்.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் அவள் முந்தானையை இழுத்தாள். வருகிற அரிசியைக் கெடுக்கிறாளே என்ற பயம்.

தலைவருக்கு முகம் கறுத்தது. "வேணாம்னா சொல்லிடு லா. வேற கம்பத்துல குடுத்துக்கிறேன்."

"வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

இடுப்பிலிருந்து மீன் கத்தியை உருவினாள். தலைவர் ஓரடி பின்னால் போனார். அவள் லோரியில் ஏறி மூட்டையின் தையலை அறுத்தாள்.

"நல்லம்மா, அண்டாவைக் கொண்டா. அரிசி நமக்கு, சாக்கு கரைக்கு."

அண்டா, வாளி, குழந்தை குளிக்கும் தொட்டி எல்லாவற்றிலும் அரிசி நிறைந்தது. காலிச் சாக்குகளில் மண்ணை அள்ளித் திணித்துக் கம்பமே சுமந்தது. படம் எடுக்காதே என்று தலைவர் சொல்லச் சொல்ல, அந்த ஆள் எடுத்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் கடல் வந்து மூட்டைகளை முட்டியது. இடுக்கில் கசிந்தது, உள்ளே வரவில்லை. இன்னொரு பௌர்ணமிக்கு இது தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் கரை உயராவிட்டால், பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு தலைவர் வீட்டிலேயே போய்ப் படுத்துக்கொள்வது என்று கரைமேல் நின்றபடியே பேசி முடித்தார்கள்.