தம்பி கண்ட டக்ட் வழி

கட்டடங்களுக்கு ஏசி, மின்சாரம், பம்பு எல்லாம் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் அக்காவுக்கு டெண்டர் வேலை. எதற்கு என்ன விலை கேட்பது, எந்த வேலையை வெளியாளிடம் விடுவது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. ஏசிக் காற்று போகும் தகரக் குழாயை டக்ட் என்பார்கள். அதை வெளிப் பட்டறைகள்தான் செய்து தரும். அவள் தம்பிக்கும் அப்படியொரு பட்டறை உண்டு. கொஞ்ச நாளாக அங்கே ஈயோட்டிக்கொண்டிருந்தான்.

புது ஆஸ்பத்திரிக்கு டெண்டர் வந்ததும் அவனைத்தான் கூப்பிட்டாள். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து மண்டையை உடைத்துக்கொண்டான். உத்தரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போன டக்டை, நடைபாதைக் கூரை வழியாக நேராகக் கொண்டுபோய்விட்டான். அந்த வழியால் செலவு குறைந்துதான் கம்பெனிக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது.

"அப்ப வேலை நமக்குத்தானேக்கா? ஊருக்குப் போன ஆளுங்கள வரச் சொல்லிடவா?"

"சொல்லிடு" என்றாள். ஒப்பந்தத்தில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "இந்த வரைபடத்தையும் விலையையும் மத்த பட்டறைக்காரங்களுக்கு அனுப்புங்க. யாராவது இன்னும் கீழ வருவாங்க."

"சார், அந்த வழியக் கண்டுபிடிச்சதே அவன்தான்."

"தம்பின்னு பாக்கறீங்களா?"

சொந்தக்காரனுக்குச் சாதகம் என்று பேர் வந்தால் அவள் நாற்காலி ஆடும். ஒருவர் விலையை மற்றவர்களுக்குக் காட்டிக் குறைக்கும் இதே வேலையை எத்தனையோ பட்டறைக்காரர்களுக்கு அவளே செய்திருக்கிறாள். அப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். அனுப்பினாள். இன்னொருவன் விலையைக் குறைத்தான், வேலையை வாங்கிக்கொண்டான்.

தம்பி கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஆளுங்க வந்து இறங்கிட்டாங்களேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அப்புறம் பட்டறையை மூடிவிட்டான் என்று அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அதன்பின் அவன் வீட்டுப் பக்கம் போக அக்காவுக்கு முகமில்லை.

ஆஸ்பத்திரியில் டக்ட் ஏற்றத் தொடங்கியபோது புதுப் பட்டறைக்காரனுக்கு அந்த வழி பிடிபடவில்லை. அக்கா சைட்டுக்கு ஓடினாள்.

"கவலைப்படாதீங்க, வெவரம் தெரிஞ்ச ஒருத்தரக் கூலிக்குப் போட்டிருக்கேன்" என்று அவன் நடைபாதையைக் காட்டினான்.

ஏணியில் தம்பி நின்றிருந்தான். தலையில் அந்தப் பட்டறையின் பேர் போட்ட ஹெல்மெட். அவளைப் பார்த்ததும் இறங்கி வந்து, எங்கே இடிக்கிறது, எப்படித் திருப்ப வேண்டும் என்று பொறுமையாக விளக்கினான். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

"சாப்பிட்டியாடா?" என்றாள்.

அவன் பக்கத்தில் நின்ற பட்டறைக்காரனை ஒரு தரம் பார்த்தான்.

"ஆச்சுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினான்.