தொங்கிக்கொண்டிருந்த வயர்

கிளை மேலாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ஸ்கேல். அவர் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஆனாலும் அவருக்கு அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மேசையில் ஒரு பேனா கோணலாகக் கிடந்தால் அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. கணக்கில் தப்பு செய்தவனைக்கூட மன்னித்துவிடுவார். தப்பை எழுதிய காகிதம் மட்டும் கசங்கியிருக்கக் கூடாது.

அன்று தலைமையகத்திலிருந்து இயக்குநர் அம்மையார் வருகிறார். அவர் முகம் சுளிக்காமல் திரும்பிப் போனால் மண்டல மேலாளர் நாற்காலி ஸ்கேலுக்கு. அந்த நாற்காலியை எந்தச் சுவரோரம் போடுவது என்பதுவரை அவர் யோசித்து வைத்திருந்தார்.

காலையிலிருந்து எல்லாவற்றையும் நேர்ப்படுத்தியாயிற்று. மிச்சம் இருந்தது மூலையில் நின்ற கண்ணாடி அலமாரி. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கும் பெட்டிகள் அதற்குள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்பவன் ஸ்கேலின் மச்சான், மனைவியின் தம்பி. "உங்க ஆபீஸ்ல ஒரு மூலையில போட்டு வெச்சுக்கோங்களேன்" என்று மனைவி நச்சரித்ததில் சேர்த்துக்கொண்டவன். சொன்னபடியே மூலையில்தான் போட்டிருந்தார். முதல் நாளே சட்டமும் போட்டுவிட்டார்: "வீட்டுலதான் நான் அத்தான். இங்க சார்."

மச்சான் ஒருமுறை அவருக்கு விளக்கவும் செய்தான். "சார், ரவுட்டர் நம்ம வாசல் மாதிரி. வெளிய போறது, வர்றது எல்லாம் அது வழியாத்தான். ஸ்விட்ச் உள்ள இருக்கிற தபால்காரர். எந்தத் துளையில எந்தக் கம்ப்யூட்டர்னு ஞாபகம் வெச்சு, உரியவங்களுக்கு மட்டும் குடுக்கும். யாருக்குன்னு தெரியலேன்னா எல்லாத் துளையிலயும் கூவும்." அப்போது ஸ்கேல் துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தவறாகச் சொருகினால் தானே அந்தத் துளையை மூடிக்கொள்ளும் ஸ்விட்ச் ஒன்றை மச்சான் கேட்டிருந்தான். அது சாம்பல் நிறத்தில் சப்பையாக இருந்ததால், நீலத்தில் வரிசையாக விளக்கு வைத்த சாதாரணப் பெட்டியை ஸ்கேல் தேர்ந்தெடுத்தார்.

இயக்குநரின் கார் வருகிறதா என்று பார்க்க மச்சானை வாசலில் நிறுத்திவிட்டு, அவரே அலமாரியைத் திறந்தார். வயர்களைக் கற்றை கற்றையாகச் சேர்த்து, மஞ்சள் பட்டையால் இறுக்கிக் கட்டி, பட்டையின் நுனியை நகவெட்டியால் ஒரே அளவாக நறுக்கினார். ஒரே ஒரு வயர் மட்டும் வழிக்கு வரவில்லை. ஒரு முனை ஸ்விட்சில் இருக்க, மறுமுனை அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சோதனைக்கு வைத்திருப்பதாகவும் தொட வேண்டாம் என்றும் மச்சான் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இயக்குநர் வருகிற நாளில் ஒரு வயர் தொங்குவதா? அதே ஸ்விட்சில் காலியாக இருந்த துளையில் மறுமுனையைச் சொருகினார். 'க்ளிக்' என்றது. அதற்கும் ஒரு பட்டை கட்டினார்.

உடனே எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடவென்று மின்னத் தொடங்கின. இத்தனை நாள் சோம்பேறியாகக் கண் சிமிட்டிய பெட்டி இப்போதுதான் வேலை செய்கிறது என்று ஸ்கேலுக்கு மனம் நிறைந்தது. அலமாரியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தன் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கவுன்ட்டரில் கூச்சல் கிளம்பியது. ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, அந்தச் சத்தத்துக்கு நடுவே இயக்குநர் உள்ளே வந்தார், பின்னாலேயே மச்சான்.

ஸ்கேல் அவசரமாகக் கணக்குப் போட்டார். நாற்காலி கைநழுவிப் போகிறது. யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். மச்சானைத் தவிர வேறு தலை கண்ணில் படவில்லை.

"எல்லாம் இவன் வேலைதான் மேடம்! நெட்வொர்க் இவன் பொறுப்பு. இன்னையோட வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

மச்சானின் முகம் சுண்டிப்போனது. "சார், காலையிலேர்ந்து நான் வாசல்லதானே…"

"வாயை மூடு!"

இயக்குநர் கண்ணாடி அலமாரிக்கு முன் போய் நின்றார். "அடேங்கப்பா, இவ்வளவு அழகா யாருங்க கட்டினது?"

ஸ்கேலுக்கு வாயெல்லாம் பல். ஊழியர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "நான்தான் மேடம். இன்னைக்குக் காலையில, ஒவ்வொண்ணா, என் கையால. வேற யாரையும் தொட விடல. சாவியே என்கிட்டதான்."

"திறங்க, பாப்போம்."

திறந்தார். மச்சான் குனிந்து, கற்றைகளை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு வயரில் நின்றான். இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். நடுவில் மஞ்சள் பட்டை, நுனி அளவாக நறுக்கியபடி.

"மேடம், இந்த ஸ்விட்ச் தன் வாயைத் தன் காதிலேயே வெச்சுக்கிட்டுக் கூவுது. கூவினது திரும்பி வருது. புதுசா யாரோ கூப்பிடறாங்கன்னு நெனச்சு மறுபடியும் கூவுது. அந்தக் கூச்சல்ல மத்தவங்க தபால் எதுவும் போக வழியில்ல. நான் கேட்ட ஸ்விட்சா இருந்தா இந்தத் துளையைத் தானே மூடியிருக்கும்." ஒரு முனையைப் பிடுங்கினான். விளக்குகள் அடங்கின. சற்று நேரத்தில் கவுன்ட்டரில் பிரிண்டர் கரகரத்தது.

ஸ்கேலின் முகத்தில் ஈயாடவில்லை. தொண்டைக் குழிவரை வந்த எந்தச் சாக்கையும், சற்றுமுன் அவரே உரக்கச் சொன்ன 'நான்தான்' மறித்துக்கொண்டு நின்றது.

இயக்குநர் மஞ்சள் பட்டையைப் பார்த்தார், பிறகு ஸ்கேலை. "மண்டலம் பூரா நிறைய வயர் தொங்குதுங்க. உங்களை அங்க அனுப்பினா என்ன ஆகும்னு யோசிக்கிறேன்." மச்சானிடம் திரும்பினார். "நீங்க கேட்ட ஸ்விட்ச் எது? எனக்கு எழுதி அனுப்புங்க."

அவருடைய கார் போன பிறகும் ஸ்கேல் அலமாரி முன்னாலேயே நின்றார். நாற்காலி போனது வலித்தது. வீட்டில் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது அதைவிட வலித்தது. அந்த வயர் பழையபடி தொங்கி, லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவரையறியாமல் கை அதை நோக்கி நீண்டது.

"அத்தான், கையை எடுங்க."

அலுவலகம் முழுவதும் அதைக் கேட்டது. ஸ்கேல் திருத்தவில்லை. கையை எடுத்துச் சட்டைப் பையிலிருந்த சாவியை அவனிடம் நீட்டினார்.