நான் வெட்டிய தழை

ஐந்தாவது தட்டிலும் பட்டுப்புழுக்கள் தலையைத் தூக்கிவிட்டன. பாதி உடம்பை மேலே எழுப்பி, இப்படியும் அப்படியும் ஆட்டி, வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கின. நான் மல்பெரிக் கிளைகளை அள்ளி அள்ளி ஜன்னல் வழியாக முற்றத்தில் வீசிக்கொண்டிருந்தேன். கிளையோடு நல்ல புழுக்களும் போயின.

"ஏய் ஹுல்கர், என்னடி பண்றே? நல்லதயும் சேத்து எறியுறியே!" அம்மா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். விரல் நீளம் இருந்தது பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. கிளையை மோந்தாள். "பூச்சி மருந்து. எங்க வெட்டினே?"

"வாய்க்கால் பக்கம்."

"வாய்க்கால்ல எவன்டி மருந்தடிக்கிறான்? என் கண்ணப் பாத்துச் சொல்லு."

சொல்லிவிட்டேன். விடிகாலையில் தழை வெட்டப் போகிறேன் என்று கிளம்பி, ரோட்டில் டமாஸ் வேன் பிடித்து நமங்கான் நகரத்துக்குப் போனேன். செவிலியர் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினேன். மத்தியானம் திரும்பும்போது புழுக்களுக்குத் தழை போடும் வேளை நெருங்கிவிட்டது. வாய்க்கால் வரை போக நேரமில்லை. பருத்தி வயல் ஓரத்து மரங்களில் ஏறி, கைக்கு வந்த கிளைகளை வெட்டி வந்தேன். ஒரு கசப்பு வாடை வந்தது. டிராக்டர் புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்பா வர்றப்ப வாயத் திறக்காத. நான் பாத்துக்கிறேன்."

அப்பாவிடம் கேட்காமல் இல்லை. மூன்று நாளைக்கு முன்பு கேட்டேன். அவர் விடியவிடியத் தழை போட்டுவிட்டு, கிளைக்கட்டின் மேலேயே சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இருக்கிற இரண்டு அறையில் பெரியது புழுக்களுக்கு. நாங்கள் சமையலறையில் படுக்கிறோம்.

"பரீட்ச அடுத்த வருஷமும் வரும்டி. இதுங்க கூடு கட்ட இன்னும் ஒரு வாரம். இப்பப் பட்டினி போட்டா நூலு வராது."

"அடுத்த வருஷமும் புழு வரும்லப்பா?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் உதடு கோணியது. ஆனால் டீக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு தடவ சொல்லியாச்சு." கிண்ணம் கவிழ்ந்தால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா கழுதை வண்டி நிறையக் கிளையோடு வந்தார். முற்றத்துக் குவியலைப் பார்த்தார். உள்ளே போய் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"எப்படியாச்சு?"

"தெரியலங்க. திடீர்னு ஆயிருச்சு" என்றாள் அம்மா.

"அப்பவே சொன்னேன்ல? சீக்கு முட்டையத் தலையில கட்டிட்டானுங்க." போனை எடுத்தார். "ஹோஷிம் அண்ணே, நான் யோல்தோஷ். உடனே வாங்க. நேர்ல பேசணும்."

ஹோஷிம் பட்டுக் கம்பெனி ஆள். முட்டைப் பெட்டி கொடுப்பதும் கம்பெனி, கூட்டை எடுப்பதும் கம்பெனி, நாங்கள் மக்காச்சோளம் போடுகிற நிலமும் கம்பெனியுடையது. போன வருஷம் பின்வீட்டு ரஹிம்ஜோன் முட்டை கெட்டது என்று சண்டை போட்டார். கம்பெனிக்காரர்கள் செத்த புழுவை எடுத்துப்போய்ச் சோதித்து, மருந்து என்று எழுதினார்கள். பொய்ப் புகார் என்றார்கள். இந்த வருஷம் அவர் நிலத்தில் வேறொருவர் உழுகிறார்.

ஹோஷிம் மோட்டார் சைக்கிளில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் புழு அறைக்குள் போனார். செத்த புழுவைப் போட ஒரு கண்ணாடிக் குப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"முட்டையிலதான் கோளாறுங்கிறியா, யோல்தோஷ்? எழுதிக் குடுப்பியா?"

"குடுப்பேண்ணே. பேனா குடுங்க."

அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு முன்னால் போனேன்.

"எழுதாதீங்கப்பா. முட்டையில ஒண்ணுமில்ல. பருத்தி ஓரத்துல நான்தான் வெட்டினேன். நர்ஸ் பரீட்ச எழுதப் போயிட்டேன். நேரமாயிருச்சுன்னு அங்க வெட்டிட்டேன்."

கழுதை கிளையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹோஷிம் சிரித்தார். "அடேங்கப்பா, டாக்டரம்மா! ஊசி போட்டு இதுங்கள எழுப்பு, பாப்போம். ஏன் யோல்தோஷ், உன் வீட்ல யாரு பேச்சு எடுபடுது? பொட்டப்புள்ள உனக்கே தெரியாம ஊரு சுத்துது?"

"தெரியாம இல்லண்ணே" என்றார் அப்பா. "நான்தான் போகச் சொன்னேன்."

நான் கண்ணைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"போகச் சொன்னியா? அப்பச் சரி, தப்பு உன்னோடது." ஹோஷிம் குப்பியை உள்ளே வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தார். "ஒரு பெட்டி முட்டைக்கு அம்பது கிலோ கூடு குடுக்கிறதாக் கையெழுத்துப் போட்டிருக்கே. மிஞ்சினதுல இருபது தேறுமா? மீதிக்கு ஈடா இவ கம்பெனிக் கொட்டகைக்கு வேலைக்கு வரட்டும். கூடு உலத்தணும், தரம் பிரிக்கணும், ஆளில்ல. ஜூன் ஒண்ணுலேர்ந்து அக்டோபர் கடைசி வரைக்கும். இல்லேன்னா நிலத்தப் பத்திப் பேசுவோம்."

அப்பா தாளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வண்டிச் சட்டத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கவில்லை.

"நல்லா எழுதினியா?"

"எழுதியிருக்கேன்ப்பா."

"பாஸானா சேந்துக்க. இனிமே தடுக்க மாட்டேன்." கொண்டுவந்த கிளைக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டார். "வா, உசுரோட இருக்கிறதுக்குப் போடுவோம். பசியில கெடக்கும்."

நானும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மீதி நான்கு தட்டுகளில் இன்னும் உயிர் இருந்தது. ஒவ்வொரு கிளையையும் மோந்து மோந்து பரப்பினேன். அப்பா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஜூலையில் தேறியவர்கள் பெயர் ஒட்டுவார்கள். என் பெயர் இருக்கும், எனக்குத் தெரியும். கல்லூரி செப்டம்பர் இரண்டாம் தேதி திறக்கிறது; கொட்டகை வேலை அக்டோபர் கடைசிவரை இருக்கிறது. அப்பா சேரச் சொல்லிவிட்டார். இனி நான் யாரிடம் போய் அனுமதி கேட்பது?