தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்

அபிராமிக்குக் கோபம் வருவது புதிதல்ல. அந்தக் கோபம் அவளுடையதே அல்ல என்று ஒருத்தி சொன்னதுதான் புதிது.

சொன்னவள் ஹேமா. பீச் ஸ்திரீட் காப்புறுதி அலுவலகத்தில் பக்கத்து மேசை. மிச்ச நேரத்தில் மூலிகைப் பொடி வியாபாரம். காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரு கிளாஸ் தண்ணீரில் துப்பிப் பார்க்கச் சொன்னாள். இழப்பீடு கேட்டு அடுத்தவர் எழுதித் தரும் படிவங்களைச் சந்தேகப்பட்டே ஐம்பத்திரண்டு வயது வரை சோறு தின்ற அபிராமி, மறுபேச்சில்லாமல் துப்பினாள். எச்சில் நூல் நூலாய்க் கீழே இறங்கியது. யார் துப்பினாலும் அப்படித்தான் இறங்கும் என்பது அப்போது தோன்றவில்லை. படம் பிடித்து அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. உடம்பெல்லாம் ஈஸ்ட் பெருகிவிட்டதாம். குடலில், மூட்டில், மூளையில். களைப்பு, மறதி, எரிச்சல் எல்லாம் அதன் கைவரிசை. "உங்க கோபம்கூட உங்களோடது இல்லக்கா. ஈஸ்ட்டோடது."

இருபத்தேழு வருஷம் நாராயணனோடு குடும்பம் நடத்தி உழைத்துச் சேர்த்த கோபத்தை ஒரு பூஞ்சை சொந்தம் கொண்டாடுவதா என்று மனத்தாங்கல்தான். ஆனாலும் நம்பினாள். காரணம் இருந்தது. மூன்று மாதமாய், வெளியே சொல்ல முடியாத இடத்தில் அரிப்பு.

அதை அவள் தான் இருக்கும் தீவுக்குள் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரைக்கு அவள் பார்ப்பது டத்தோ கிராமாட் ரோட்டு டாக்டர் நாச்சியப்பனை. அவள் பெரியப்பா மகன். சின்ன வயதில் தன் மூக்கைத் துடைத்துவிட்ட அண்ணனிடம் இதை எந்த வாயால் சொல்வது? காத்திருக்கும் அறையிலோ பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் சம்பந்தி. ஆகவே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடல் பாலம் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கும் பிறைக்குக் கார் ஓட்டினாள். தொழிற்சாலை ஆட்கள் நசுங்கிய விரலோடும் இருமலோடும் உட்கார்ந்திருந்த ஒரு கிளினிக்கில், 'வேறு மருந்துகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். சர்க்கரை என்று எழுதினால் எந்த டாக்டர் என்று கேட்பார்கள். சொன்னால் அண்ணனுக்குப் போன் போகும். இருப்பது ஓர் உடம்பு. அதில் இடுப்புக்கு மேலே தீவு, கீழே பெருநிலம் என்று பங்கு பிரித்துவிட்டாள்.

பிறை டாக்டர் நூருல் ஹுதா கொடுத்த மாத்திரையில் அரிப்பு போனது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. அந்தச் சலிப்பில்தான் ஹேமா சொன்னபடி துப்பியது.

பொடியோடு பத்தியமும் வந்தது. அரிசி கூடாது, ரொட்டி கூடாது, பழம் கூடாது. புளித்த மாவு என்ற பேச்சே கூடாது. ஆறு வாரம் அபிராமி தோசைக்கல்லைத் துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரில் உட்கார்ந்து நான்கு தோசை முடித்துவிட்டு நாராயணன், "தண்ணி நெறயக் குடி, அபி" என்பார். இதை அவர் பத்தியத்துக்கு முந்தியே, ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு லிட்டர் நீலப் போத்தல்கூட வாங்கித் தந்திருந்தார். மனிதருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் என்று அவளும் குடித்துவைத்தாள்.

ஆறாவது வாரத்தில் வயிற்றைப் புரட்டியது. கை கால் ஓய்ந்துபோனது. ஹேமாவுக்கு ஒரே உற்சாகம். "பூஞ்சை சாகுதுக்கா. சாகும்போது விஷம் கக்கும். இப்பப் போய் விட்டுடாதீங்க லா."

சாவது யார் என்பதில்தான் அபிராமிக்குச் சந்தேகம் வந்தது. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பிறைக்குப் போனாள்.

நூருல் ஹுதா இந்த முறை மாத்திரை எழுதவில்லை. விரலில் குத்திப் பார்த்தார்; சர்க்கரை ஆறு மில்லிமோல், யாரையும் பயமுறுத்தாத எண். சிறுநீரில் நனைத்த பட்டையோ கரும்பழுப்பாகிவிட்டது. டப்பாவில் அச்சிட்டிருந்த நிறவரிசையில் அதற்கு மேல் நிறமே இல்லை.

"ரத்தத்துல இல்லாத சர்க்கரை மூத்திரத்துல எப்படிக்கா இவ்வளவு வரும்? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அபிராமி கைப்பையைத் திறந்து, சர்க்கரைக்கு அண்ணன் கொடுத்து ஐந்து மாதமாகச் சாப்பிடும் புது மாத்திரையின் அட்டையை மேசையில் வைத்தாள். பிறை டாக்டரின் கண்ணில் அது படுவது அதுவே முதல் தடவை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நல்ல மாத்திரைதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுவது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. தள்ளுகிற வழியில் ஈஸ்ட்டுக்கு விருந்து. பெண்கள் பலருக்கு இந்தத் தொல்லை வரும். ஈஸ்ட் பெருகியது உண்மை, ஆனால் அங்கே மட்டும்; மூளையில் ஒன்றும் குடியேறவில்லை. ஆறு வாரமாகச் சோறு தொடவில்லை என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி விரலில் குத்தி வேறொரு பட்டையில் அமிலம் பார்த்தார். இந்த மாத்திரையோடு சாப்பாட்டையும் நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறும். சர்க்கரை எண் நல்ல பிள்ளையாய் இருக்க, ஆள் ஐசியுவில் கிடப்பார். அபிராமி அந்த எல்லையை இன்னும் தாண்டவில்லை, கிட்டத்தில் நிற்கிறாள். மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லி, கண்ணெதிரே பிஸ்கட்டும் மைலோவும் சாப்பிட வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, நாச்சியப்பனுக்குக் கடிதம் எழுதினார். வாந்தி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

"அரிச்சா சொல்லணும், பட்டினி கெடக்கக் கூடாதுன்னு மாத்திரை குடுத்தவர் உங்ககிட்டச் சொல்லலையாக்கா?"

சொல்லவில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது வந்த கோபத்தில் ஒரு துளி ஈஸ்ட்டும் கலந்திருக்கவில்லை.

டத்தோ கிராமாட்டில் அவள் நம்பர் வாங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர் திருநாவுக்கரசு அண்ணன், அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டையை இறக்கிக்கொண்டு வெளியேறினார். கடிதத்தை மேசையில் வைத்தாள்.

நாச்சியப்பன் படித்தார். முகம் வெளிறியது. "மாப்பிள்ளைகிட்ட எல்லாம் சொன்னேனே, அபி. சுத்தமா வச்சுக்கணும், அரிப்பு வந்தா உடனே என்கிட்டச் சொல்லணும், பட்டினி கூடாது, தண்ணி நெறயக் குடிக்கணும். நாலும் சொன்னேன்."

"மாத்திரை யாருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்புறம் அவர்கிட்ட ஏண்ணே சொன்னீங்க?"

நாச்சியப்பன் மேசையைப் பார்த்தார். "தங்கச்சிகிட்ட அதையெல்லாம் எப்படி…"

அபிராமி அங்கிருந்தே நாராயணனைக் கூப்பிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டாள். அண்ணன் சொன்ன நான்கையும் ஒவ்வொன்றாக ஒப்பித்து, ஏன் தன்னிடம் வரவில்லை என்று கேட்டாள்.

"தண்ணி குடிக்கச் சொன்னேனே" என்றார் நாராயணன்.

சொன்னார்தான். நான்கில் நாக்குக் கூசாத ஒன்றைப் பொறுக்கியெடுத்து, ஐந்து மாதம் தவறாமல் சொன்னார். போத்தலும் வாங்கித் தந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கூச்சப்பட்டீங்க. நான் சாகப் பாத்தேன்" என்றாள் அபிராமி. இன்னும் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வெறி பிடித்தவள் மாதிரி கைப்பையைக் குடைந்து கைக்குட்டை தேடியபோது, கறுப்புக் கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. கூச்சப்பட்டவர்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். அது கோபத்தைக் குறைக்கவில்லை. தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடது. மாப்பிள்ளையத் திட்டாத" என்றார் நாச்சியப்பன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் சேர்த்துத்தான். ரத்தம் எடுத்தார், மருந்தை மாற்றி எழுதினார், பிறகு நான்கையும் சொல்லத் தொடங்கினார்.

"மேசைகிட்டச் சொல்லாதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

காது சிவக்கச் சிவக்க, அவளைப் பார்த்தே சொன்னார்.

வெளியே வந்தவள் வாசலுக்குப் போகும் வழியில் நின்றாள். பெஞ்சில் மீனாள் ஆச்சி உட்கார்ந்திருந்தார். தூரத்துச் சொந்தம், வயது அறுபதுகூட இல்லை. மடியில் இரண்டு லிட்டர் போத்தல்.

"இது என்ன ஆச்சி, இம்புட்டுப் பெரிய போத்தல்?"

"புது மாத்திரை குடுத்திருக்காருல்ல. தண்ணி நெறயக் குடிக்கணுமாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"என்கிட்ட எங்க சொன்னாரு. எங்க வீட்டு அவுகள்ட்டச் சொன்னாராம், அவுக வந்து சொன்னாக."

அபிராமி பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றியது. தாழ்த்தவில்லை.

"ஆச்சி, உங்களுக்கு அரிக்குதா?"

மீனாள் ஆச்சி போத்தல் மூடியைத் திருகினார், திறக்காமலே மறுபடி இறுக்கினார். பிறகு தலையை ஒரே ஒரு முறை ஆட்டினார்.

அபிராமி அவர் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு, அதே கதவைத் தள்ளினாள். உள்ளே மறுபடி சட்டையைத் தூக்கத் தொடங்கியிருந்த திருநாவுக்கரசு அண்ணன், எதுவும் கேட்காமல் எழுந்து வெளியே வந்தார்.