இசைத்தட்டின் கடைசி வரி

பல் டாக்டர் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை ரெக்கார்டு பிளேயரின் ஊசிக்கு அடியில் நுழைத்தபோது, "இன்னும் கொஞ்சம் நல்லாத் திறங்க" என்று உதடு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கூடத்து நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. கண்ணாடியில் ஊசி பளிச்சென்று தெரிந்தது. சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை, அழுக்கு இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான ஒரு நோயாளியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனாலும் வலி இருந்தது.

வலி எங்கே என்பதிலும் சந்தேகம் கிடையாது. தட்டின் முதல் பாட்டு தேனாக ஓடும். இரண்டாவதும் பரவாயில்லை. ஊசி உள்ளே நகர நகரச் சத்தம் கரகரக்கும். கடைசிப் பாட்டின் கடைசி வரிக்கு வரும்போது யாரோ அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துத் தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கடைசி வரிதான் அவர் மனைவி தனியாகப் பாடியது.

கல்லூரிப் பாட்டுக்குழு வெளியிட்ட தட்டு அது. நாற்பது பேர் சேர்ந்து பாடியதில் ஒரே ஒரு வரி மட்டும் அவளுக்குத் தனியாகக் கிடைத்தது. 'காற்று சொன்ன சேதி கேட்டுச் சிரித்து நின்றேனே.' அது முடிந்ததும் குழு மொத்தமும் 'நின்றேனே' என்று கூடச் சேர்ந்து பாட்டை முடித்து வைக்கும். வரியை எழுதிய தமிழ்ப் பேராசிரியருக்குச் சகரத்தின்மேல் அப்படி என்ன காதலோ தெரியாது. பழுதான ஊசிக்குச் சகரத்தைப் போல எதிரி வேறு இல்லை என்பது மட்டும் டாக்டருக்கு இப்போது நன்றாகத் தெரியும். சொன்ன, சேதி, சிரித்து என்று ஒவ்வொன்றும் ஒரு சீறல்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. தட்டு வெளிவந்த நாளில், குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் கடைசி வரியைக் கேட்டு முகம் சுளித்தாராம். ஏன் என்று சொல்லாமலே எழுந்து போய்விட்டாராம். காரணத்தை விளக்கும் பொறுப்பை அவளுடைய அண்ணன் தானாகவே ஏற்றுக்கொண்டார். அவரும் அதே குழுவில் பின்வரிசையில் நின்று பாடியவர். "கடைசியில நீ கொஞ்சம் தடுமாறிட்டே பாப்பா. பரவால்ல, சின்னப் பொண்ணுதானே" என்று அன்றைக்குச் சொன்னார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் சொன்னார், பிறந்த நாட்களில் சொன்னார், பாப்பாவுக்குத் தலை நரைத்த பிறகும் சொன்னார். பாப்பா அதன்பின் எங்கேயும் தனியாகப் பாடவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட வாய்க்குள்தான். வீட்டில் தட்டு இருந்தது. அதைப் போட்டுக் கேட்க மெஷின் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளும் அவசரப்படவில்லை.

டாக்டர் மெஷின் வாங்கியது இதற்காகத்தான் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, மெஷினோடு வந்த குட்டித் திருப்புளிகளும் எடைத்தராசும். எப்படியோ, பழைய குழுவில் இப்போதும் தொடர்பில் இருக்கும் ஏழெட்டுப் பேரை இன்று சாயங்காலம் தட்டைக் கேட்க வரச்சொல்லி வாய்விட்டுவிட்டார். மெஷின் நேற்றுவரை நன்றாகப் பாடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பல்லு வந்துடுச்சா?" என்றபடி மனைவி காபியை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தருகிறவள். குரலில் கேலி இருந்தாலும் கண் தட்டின் நடுவட்டத்திலேயே இருந்தது.

"இது கடைவாய்ப்பல் கேஸ்மா. முன்பல்ல யாரு வேணா பாத்துடலாம். உள்ள போகப்போக இடம் சுருங்குது பாரு, அங்க கை கொஞ்சம் கோணினாலும் காட்டிக் கொடுத்துடும்."

அவர் சொன்னது சரிதான். ஊசியைச் சுமக்கிற கை ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு வளைந்து வருகிறது. தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களோ உள்ளே போகப்போகச் சின்ன வட்டமாகின்றன. ஊசியின் தலை அந்தப் பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு கோட்டுத்தாள் இருக்கிறது. தட்டு வைக்கும் இடத்தில் அந்தத் தாளை வைத்து, அதிலுள்ள புள்ளியில் ஊசியை நிறுத்தி, கோடுகளுக்கு இணையாகத் தலையைத் திருப்பி முடுக்க வேண்டும். டாக்டர் அதை இணையத்தில் தேடிப்பிடித்து, கிளினிக்கில் ரசீது அடிக்கும் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் அச்சாகியிருந்த வட்டத்தை வெட்டி, மெஷின் நடுவில் நிற்கும் சுழலச்சில் மாட்டப் பார்த்தபோது ஓட்டை இறுக்கமாக இருந்தது. அதனாலென்ன? பல் குடைகிற ஊசியால் அலுங்காமல் ஒரு சுற்றுப் பெரிதாக்கினார். அழகாக உட்கார்ந்தது. அன்றைக்கு அந்த ஓட்டையைத் தன் போனில் படம் எடுத்துக்கூட வைத்துக்கொண்டார்.

வாசல்மணி அடித்தது. மச்சான் வந்துவிட்டார்.

மனைவியின் அண்ணனுக்கு டாக்டர் மனதுக்குள் வைத்திருந்த பெயர் தங்கக்காது. தன் காதைப் பற்றி அவரே பேசுவதைக் கேட்டால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. ஒயரை மாற்றினால் அவருக்குத் தெரியும். திரைச்சீலையை மாற்றினால் தெரியும். பக்கத்து வீட்டில் குளிர்பெட்டி ஓடுகிறதா இல்லையா என்பது வயலின் சத்தத்தில் தெரியும். பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேராக உயர்த்திக்கொள்வார். விரல் இறங்கும்வரை யாரும் இருமக்கூடாது.

"என்ன மாப்பிள்ளை, ஆபரேஷன் தியேட்டரா?" என்று உள்ளே வந்தவர், நாற்காலி ஒன்றை நடுக்கூடத்துக்கு இழுத்துப்போட்டுச் சம்மணமிட்டார். "போடு, கேப்போம்."

முதல் பாட்டைப் போட்டார் டாக்டர். விரல் உயர்ந்தது. வெகுநேரம் கழித்து இறங்கியது.

"கேட்டியா அந்த அடிச்சத்தத்த? போன வாரம் நான் சொல்லி அந்தச் சலவைக்கல்ல அடியில வச்சே பாரு, அதான். குரலுக்கே முதுகெலும்பு வந்துடுச்சு. கல்லு இல்லாமப் போட்டா இது நிக்கவே நிக்காது, கூழ் மாதிரி ஓடும்."

"அண்ணா, அந்தக் கல்லு குளியலறைக் கதவுக்கு முட்டா இருக்கு" என்றாள் தங்கை. "புதன்கிழமையே எடுத்துட்டேன். மேஜை வளைஞ்சுது."

தங்கக்காது குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பிறகு, "அந்த நாலு நாள்ல மேஜை பழகியிருக்கும்" என்றார்.

டாக்டர் இருமலை அடக்கிக்கொண்டு கடைசிப் பாட்டுக்கு ஊசியை நகர்த்தினார். மூவரும் காத்திருந்தார்கள். வந்தது. காற்று ஸ்ஸ்சொன்ன ஸ்ஸ்சேதி. எண்ணெய்ச் சட்டி கொதித்து அடங்கியது. குழு சேர்ந்து பாடிய இடம் இரைச்சலில் ஒரே கஞ்சியாகிவிட்டது.

"ஊசி எடை?" என்று கேட்டார் மச்சான்.

"தராசுல வச்சுப் பாத்தேன் மச்சான். சொன்ன எடை, துளி கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"கோணம்?"

"லென்ஸ் போட்டுத் திருப்பினேன். ஒரு முடியில பாதி அகலம்கூட விலகல."

"அப்ப மெஷின்ல தப்பே இல்ல. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு விலகினாலும் எனக்குத் தெரிஞ்சுடும்." தங்கக்காது தங்கையின் பக்கம் கனிவோடு திரும்பினார். "தட்டுல இருக்கிறதத்தான் மெஷின் சொல்லும் பாப்பா. நான்தான் அன்னிக்கே சொன்னேனே. பரவால்ல விடு, வர்றவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே, யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போன் பண்ணி மெஷின் ரிப்பேர்னு சொல்லிடறேங்க. இன்னொரு நாள் வரட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் டாக்டர் பல வருஷமாக நாற்காலியில் சாய்ந்தவர்களின் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். வலிக்கலை டாக்டர், வலிக்கலை என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியை இறுக்குகிறவர்களை அவருக்குத் தெரியும். அவள் விரல்கள் டம்ளரை அப்படிப் பிடித்திருந்தன.

"போன் பண்ணாத. முதல்லேருந்து எல்லாத்தையும் கழட்டி மாட்டறேன்."

"மாப்பிள்ளை, இல்லாத சொத்தைக்கு எத்தனை தடவ குடைவே?"

டாக்டர் திருகுகளைத் தளர்த்தினார். கோட்டுத்தாளைத் தேடினார். அது மனைவியின் கையில் இருந்தது. மேஜையை ஒழிக்க எடுத்தவள், தாளைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். வரைபடம் எதைக் கண்டாலும் அவள் கண் முதலில் கீழ்மூலைக்குத்தான் போகும். மலையையும் ஆற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அளவு என்ன என்று முதலில் பார் என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவள்.

"இந்த ஓட்டைய ஏங்க பெருசு பண்ணினீங்க?"

"உள்ள போகல. இறுக்கமா இருந்துது."

"அச்சடிச்ச வட்டம் ஏன் இறுக்கமா இருக்கணும்?"

டாக்டர் வாயைத் திறந்தார். திறந்தபடியே வைத்திருந்தார். அவள் பரீட்சைத்தாள் பையிலிருந்து ஸ்கேலை உருவிக்கொண்டு வந்து, தாளின் மூலையில் எறும்பு எழுத்தில் 'இந்தக் கோடு பத்து சென்டிமீட்டர்' என்று எழுதியிருந்த கோட்டின்மேல் வைத்தாள்.

"ஒம்பதரைகூட இல்ல."

கிளினிக் பிரிண்டர் யாரைக் கேட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. எதைக் கொடுத்தாலும் தாளுக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கி அடிப்பது அதன் நல்ல சுபாவம். சுருங்கிய அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் டாக்டர் லென்ஸும் விளக்கும் மாட்டி, மூச்சை அடக்கி, முடியில் பாதி பிசகாமல் ஊசியைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தார். சந்தேகம் சொன்ன ஒரே ஆள் அந்த ஓட்டை. அதன் வாயையும் குடைந்து அடைத்துவிட்டார்.

"சரி, நாலஞ்சு மில்லிமீட்டர் விலகியிருக்கும்" என்றார் தங்கக்காது பெருந்தன்மையோடு. "அதுல என்ன வந்துடப்போகுது?"

தெருமுனை ஜெராக்ஸ் கடை பாதிக் கதவை இறக்கியிருந்தது. டாக்டர் குனிந்து உள்ளே தலையை விட்டபோது கடைக்காரர் திடுக்கிட்டார். டாக்டர் நெற்றி விளக்கைக் கழற்ற மறந்திருந்தார். போனிலிருந்த கோட்டுத்தாளைக் காட்டி, "நூத்துக்கு நூறு சைஸ். ஒரு இம்மிகூடச் சுருக்கக்கூடாது" என்றார். கடைக்காரர், "கல்யாணப் பத்திரிகையா சார்?" என்று கேட்டார். அதைவிட முக்கியம் என்றார் டாக்டர். தாளை அங்கேயே வாங்கி, பையில் கொண்டுபோன ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பத்து. மறுபடியும் பார்த்தார். பத்துதான்.

இந்த முறை ஓட்டை தானாகவே சுழலச்சில் உட்கார்ந்தது. ஊசியின் தலையைத் தளர்த்தி முன்னால் இழுத்து, புள்ளியில் நிறுத்தி, கோட்டுக்கு நேராக்கி முடுக்கினார். தலை இப்போது நிற்கிற இடத்தைப் பார்த்தால் முன்பு நின்ற இடம் வெட்கக்கேடாக இருந்தது. எடை இன்னொரு முறை. பிறகு தட்டு. மனைவி உட்காரவில்லை. சுவரோர நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

'காற்று சொன்ன சேதி கேட்டுச் சிரித்து நின்றேனே.'

சீறல் இல்லை. எண்ணெய்ச் சட்டி இல்லை. இருபது வயசுக் குரல் ஒன்று கூடத்தின் நடுவில் வந்து நின்றுவிட்டுப் போனது. ஒரு சகரமும் வழுக்கவில்லை, ஒரு நெடிலும் ஆடவில்லை. தாளத்தில் நின்று நிதானமாக, கடைசி 'னே'யை அது இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிக்கொண்டிருந்தது. அந்த இறக்கம் முடியுமுன்னே, மற்ற முப்பத்தெட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க, பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் மட்டும் தன்னம்பிக்கையோடு, மூக்கால், "நின்—" என்று புறப்பட்டது. புறப்பட்டுத் தனியாக மாட்டிக்கொண்டு, திடுக்கிட்டு நின்றது. அதற்குப் பிறகுதான் குழு வந்தது.

 ஊசியைச் சுமக்கிற கை கடைசி வெற்று வளையத்தில் டிக், டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் நெற்றி விளக்கை அணைத்தார். அந்த மூக்கைத் தெரியாதவர் அந்த வீட்டில் இல்லை.

தங்கக்காதின் விரல் இறங்குவதற்கு இன்றைக்கு நேரம் பிடித்தது.

"அந்த இடத்துல தட்டுல தூசு இருக்கு" என்றார்.

தங்கை மேஜையிலிருந்த தூசுத் தூரிகையை எடுத்து மரியாதையாக அண்ணன் கையில் கொடுத்தாள். "நீங்களே துடைங்கண்ணா. உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

அவர் எழுந்து வந்து குனிந்து, தட்டின் உள்வட்டத்தைப் பக்தியோடு துடைத்தார். ஒருமுறை ஊதினார். டாக்டரின் லென்ஸை வாங்கிப் பார்த்தார். தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் முகமே அதில் கறுப்பாகத் தெரிந்தது.

"இப்ப போடு மாப்பிள்ளை."

கீழே மாடிப்படியில் பேச்சுக்குரல்கள் கேட்டன. வயசான முழங்கால்களைப் பற்றிய புகார்கள், யாரோ ஒருத்தியின் பெரிய சிரிப்பு. பழைய குழு வந்துகொண்டிருந்தது. அவள் போய்க் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் குளியலறைச் சலவைக்கல்லைக் காலால் தள்ளிவந்து முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வரும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் கேட்டது.

டாக்டர் ஊசியை இறக்கினார். தங்கக்காது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, விரலை உயர்த்தினார். அவள் தட்டைப் பார்க்கவில்லை. அண்ணனுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று சொன்ன சேதி கேட்டு, சிரித்து, நின்றே— அந்த இறக்கம் இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே, மூடிய கண்களுக்குக் கீழே அவருடைய உதடுகள் மெல்லப் பிரிந்தன.